வரலாற்று வகுப்பில் ஒரு பெண்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய காலத்துக்குப் போகிற கதை என்றால் நமக்கு ராஜா ராணிதான் ஞாபகம் வரும். குதிரை, சுரங்கம், சதி. நிஜமாகவே என்னை அந்தக் காலத்துக்கு ஒருத்தன் அனுப்பி வைக்கிறான்னு வச்சுக்குங்க. கோட்டை வாசலிலேயே நிறுத்திடுவான். அதனால் இந்த வகைக் கதைகளிடம் எனக்கு ஒட்டுதல் இருந்ததில்லை.

அதை மாற்றியது கனடாவிலிருந்து வந்த ஒரு சித்திர நாவல்: 'எக்கோ என்றொரு பெண்'. எழுதியவர் காத்தரினா வெர்மெட், வின்னிபெக் நகரத்துக் கவிஞர். படங்கள் ஸ்காட் ஹெண்டர்சன். 2017 முதல் 2021 வரை நான்கு பாகங்கள்.

வெர்மெட் மேட்டி இனத்தவர். தோல் வியாபாரத்துக்கு வந்த ஐரோப்பிய ஆண்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழியில் உருவான தனி இனம் அது. 1982இன் அரசியல் சட்டம் அவர்களையும் பூர்வகுடிகளாக ஏற்றது.

எக்கோவுக்கு 13 வயசு. அம்மாவைப் பிரிந்து வளர்ப்பு வீட்டில் இருக்கிறாள். தன் சனத்தைப் பற்றி ஒண்ணும் தெரியாது. வரலாற்று வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று 1814இல் போய் விழுகிறாள். யந்திரம் எதுவும் கிடையாது. கண்முன்னே காட்டெருமை வேட்டை. அந்தக் கறியைக் காயவைத்து, இடித்து, கொழுப்புச் சேர்த்து வைப்பது பெமிக்கன். நம்ம வீட்டு உப்புக்கண்டத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று அந்த வருஷம் காலனி ஆளுநர் உத்தரவு போட்டார். சோத்துல கை வச்சான், சண்டை வந்தது.

அடுத்த பாகங்களில் லூயி ரியெல் தலைமையில் நடந்த 1869, 1885 எழுச்சிகள். 1885 நவம்பர் 16இல் ரியெலைத் தூக்கிலிட்டார்கள்.

இதைச் சொன்னபோது ஒரு மாணவர் கேட்டார்: "அங்க போயும் எதையும் மாத்தலேன்னா எதுக்கு சார் போகணும்?"

நியாயமான கேள்வி. 1870இல் மேட்டிப் பிள்ளைகளுக்கென்று 14 லட்சம் ஏக்கர் நிலத்தைச் சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். நிலத்துக்கான காகிதச் சீட்டுகளைத் தரகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். வங்கியில் காகிதத்தோடேயே கிடக்கிறவன் நான். ஏழையின் கையெழுத்து எப்படிக் கைமாறும் என்று தெரியும். அரசு அக்கறையாக நடக்கவில்லை என்று கனடா உச்சநீதிமன்றம் சொன்னது 2013இல். 143 வருஷம் கழித்து! நமக்கும் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். அதைக் கேட்டதற்கு 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூடு.

நிலம் போனவர்கள் சாலைக்கென்று அரசு விட்டுவைத்த ஓரத் துண்டுகளில் குடிசை போட்டார்கள். நம்ம பாஷையில் புறம்போக்கு. நாலாம் பாகத்தில் எக்கோ வந்து இறங்குவது அங்கேதான். செயிண்ட் மாடலினில் மேய்ச்சல் நிலத்துக்காக வீட்டைக் கொளுத்துகிறார்கள். அங்கிருந்து வின்னிபெக் ஓரத்துச் சேரியான ரூஸ்டர் டவுனுக்கு வந்து சேர்கிறது ஒரு குடும்பம். அது எக்கோவின் குடும்பம்.

அந்த மாணவருக்கு என் பதில் இதுதான். நடந்ததை அவளால் மாற்ற முடியாது. ஆனால் தன் அம்மா ஏன் இப்படி ஆனாள், தான் ஏன் தனியானோம் என்பது அவளுக்குப் புரிகிறது. அது அம்மாவோட குத்தம் இல்லைன்னு தெரியுது. அனாதையாகப் போனவள் சொந்தபந்தத்தோடு திரும்பி வருகிறாள். இது சின்ன மாற்றமா?

வெர்மெட் நினைத்திருந்தால் பகையே இல்லாத ஒரு பொற்காலத்துக்கு அவளை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நமக்கும் பொற்காலம் வேண்டாம்.

வரலாற்று வகுப்பில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் இருக்கு. அதுக்கு இப்படி ஒரு புத்தகம் தமிழில் வேணும். மாணவத் தோழர்கள் இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் பாட்டியிடம் கேளுங்க: எந்தப் புறம்போக்கிலிருந்து எந்தப் புறம்போக்குக்கு வந்தோம், யார் விரட்டினது, வரும்போது என்ன எடுத்துக்கிட்டு வந்தீங்க? கேட்டு எழுதுங்க. நானும் எழுதறேன்.