ஊர் காணலும் உலகு காணலும்



குடும்பத்தோடு வழிச்செல்லுதல் தமிழுக்குப் புதிய பொருளன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கும், கலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வள்ளலை நாடிச் செல்லும் வழியைப் பாடுவன. பொருநனும் பாணனும் கூத்தனும் அங்கே தனித்துச் செல்வதில்லை. விறலியும் பசித்த சுற்றமும் உடன் நடக்கின்றனர். எந்நிலத்தில் எவர் வாழ்கின்றனர், அவர் எவ்வுணவு அளிப்பர், எவ்விடத்தில் அஞ்சி நடக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் முன்பே சென்று மீண்ட ஒருவன் எதிர்ப்பட்டவனுக்கு எடுத்துரைக்கிறான். ஆகவே தமிழின் பழைய பயண இலக்கியம் வறுமையில் பிறந்தது, குடும்பத்தை உடன்கொண்டது, வழியில் வாழும் மக்களை முதன்மையாகக் கண்டது.

சிலப்பதிகாரத்தில் இந்நிலை மாறுகிறது. ஊர்காண் காதையில் மதுரையின் வீதிகளைக் கோவலன் ஒருவனே சுற்றிக் காண்கிறான். கண்ணகி புறஞ்சேரியில் இருந்துவிடுகிறாள். இருபதாம் நூற்றாண்டின் பயண நூல்களும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. 1940இல் ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலைத் தந்த ஏ.கே. செட்டியாரும், நாடுதோறும் சென்று எழுதிய சோமலெயும் தமிழுக்கு உலகைக் கொணர்ந்தனர். அவர்தம் தொண்டு பெரிது. எனினும் குழந்தையின் கண்கொண்டு அயல்நகரைக் கண்ட நூல் தமிழில் அருகியே காணப்படுகிறது.

வசதி தருவதும் தராததும்

இன்று நிலைமை வேறு. பொருள் வளம் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உரோம், வெனிசு, பாரிசு, இசுதான்புல் எனப் பழம்பெரு நகரங்களுக்குச் செல்கின்றன. அரண்மனையாக இருந்து விடுதியாக மாறிய கட்டடங்களில் தங்குகின்றன. பிள்ளைகளுக்கெனத் தனி அறை, தனி உணவு, தனி வழிகாட்டி, வரிசையில் நில்லாமல் நுழையும் சீட்டு அனைத்தும் முன்பதிவு செய்யப்படுகின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலும் மருத்துவர், பொறியாளர், தொழில் முனைவோர் இல்லங்களில் கோடை விடுமுறைப் பேச்சு இதுவாகி வருகிறது.

இதனை எள்ளி ஒதுக்குவது முறையன்று. வெயிலில் வாடிய குழந்தை எந்தக் கோபுரத்தையும் காணாது; பசித்த குழந்தைக்கு எந்த ஓவியமும் ஓவியமாகத் தோன்றாது. வசதி என்பது குழந்தையின் பொறுமையை நீட்டித் தருகிறது. அவ்வளவில் அது நற்பயனே. ஆயினும் நீண்டு கிடைத்த அப்பொறுமையைக் கொண்டு குழந்தை எதனைக் கேட்கப் போகிறது என்பதே வினா. கேள்வியை எந்த விடுதியும் விற்பதில்லை. அது வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் உடன் செல்ல வேண்டிய கட்டுச்சோறு.

கற்கள் எங்கே போயின?

உரோம் நகரின் கொலோசியம் அரங்கைக் காணும் எவரும் அதன் புறச்சுவர் ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் இழந்தும் நிற்பதைக் காண்பர். நிலநடுக்கத்தில் சரிந்த அதன் கற்களைப் பிற்காலத்தார் மாளிகைகளும் தேவாலயங்களும் எழுப்ப எடுத்துச் சென்றனர். வழிகாட்டி இதனை ஒரு வரியில் கூறி நகர்ந்துவிடுவார். பெரும்பாலான குழந்தைகளும் நகர்ந்துவிடும்.

செயங்கொண்டத்துக் குழந்தை ஒன்று அங்கே நிற்பதாகக் கொள்வோம். முதலாம் இராசேந்திரன் எடுத்த கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்தது. 2004இல் அதன் கோயில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஆனால் அக்கோயிலின் பெருமதிலைத் தேடினால் முழுமையாகக் கிடைக்காது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது மதிலின் கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. செயங்கொண்டத்திலிருந்து கும்பகோணத்திற்குப் பேருந்தில் செல்லும் குழந்தை அணைக்கரையில் அந்த அணையைக் கடந்தே செல்கிறது. அதனை அறிந்த குழந்தை உரோமில் நிற்கும்போது, ‘இங்கிருந்த கற்கள் எங்கே போயின?’ என்று தானே கேட்கும். கேட்ட பின்னர் கொலோசியம் அதற்கு அயலான இடமன்று. இரண்டு பேரரசுகள், இரண்டு பாழ்கள், பிழைப்புக்காகக் கல் சுமந்த மக்கள் என்னும் மூன்றும் அக்குழந்தையின் உள்ளத்தில் ஒன்றாகச் சேர்கின்றன.

வெனிசு நகருக்கும் இது பொருந்தும். அதன் பழைய நகர்ப்பகுதியில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே சென்றது. குடியிருந்தோர் வெளியேற, வந்து போவோர் நிறைந்தனர். 2024 முதல் குறிப்பிட்ட நாள்களில் ஒரு நாள் வருகைக்கும் கட்டணம் பெறத் தொடங்கினர். 14 வயதுக்குட்பட்டோருக்கு விலக்களித்தனர். கட்டணமின்றி நுழையும் குழந்தைக்கு, ‘இந்நகரத்துப் பிள்ளைகள் எங்கே விளையாடுகின்றனர்?’ என்னும் கேள்வி தோன்றுமாயின் அப்பயணம் வீணாகாது. தலைநகராக இருந்து சிற்றூராகிவிட்ட கங்கைகொண்ட சோழபுரத்தைக் கண்ட குழந்தைக்கு, நகரமும் மக்களை இழக்கும் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

காலடியில் கிடக்கும் அயல்நாடு

உலகைக் காண்பதற்குக் கடல் கடக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கற் சுவர்களோடு சீன நாட்டுப் பாண்ட ஓடுகளும் கிடைத்தன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. இம்மண் ஒருகாலத்தில் கடலாக இருந்ததற்குச் சான்று அது. சிமெண்டு ஆலைகளுக்கு வெட்டப்படும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அக்கடலின் எச்சமே. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டப்பட்ட இத்தகைய கடலுயிர்ப் படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்சு என்னும் அறிஞர் ஆராய்ந்து 1846இல் இலண்டனில் வெளியிட்டார். இலண்டன் அருங்காட்சியகத்தில் சுருண்ட அம்மோனைட்டுப் படிவத்தைக் கண்டு வியக்கும் குழந்தை, அதன் உறவினம் தன் ஊர்ச் சுரங்கத்தில் கிடப்பதை அறியாதிருப்பது யார் குறை?

பெருமிதம் மட்டும் போதாது என்பதையும் இங்கே கூறியாக வேண்டும். 1025இல் இராசேந்திரனின் கப்பற்படை கடாரம் சென்றது. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பூசாங் பள்ளத்தாக்கைக் காணச் செல்லும் தமிழ்க் குழந்தைக்கு அது வெற்றிச் செய்தியாக மட்டுமே சொல்லப்படுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் உள்ள சூரிய பீடம் சாளுக்கிய நாட்டிலிருந்து வந்த போர்க்கொணர்வு என்பர் ஆய்வாளர். எங்கிருந்து வந்தது, எவரிடமிருந்து எடுக்கப்பட்டது என்னும் கேள்வியை அயல்நாட்டு அருங்காட்சியகத்தில் கேட்கக் கற்ற குழந்தை, சொந்த ஊரிலும் அதனைக் கேட்கட்டும். அப்போதுதான் அக்கேள்வி நேர்மை பெறும்.

கள்வர் கண்ட கோயில்

இக்கேள்வி வெறும் கல்விப் பயிற்சியன்று. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தானில் ஒரு சோழர் காலச் சிவன்கோயில் உண்டு. பூசை அருகி, கதவு பூட்டிக் கிடந்த அக்கோயிலிலிருந்து செப்புத் திருமேனிகள் களவு போயின. ஆடவல்லான் திருமேனியை ஆசுதிரேலியாவின் கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உமா பரமேசுவரி திருமேனி சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்கள், ஆடவல்லான் எந்த ஊருக்கு உரியவர் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தன. 2014 செப்டம்பரில் அன்றைய ஆசுதிரேலியப் பிரதமர் டோனி அபட் அத்திருமேனியைப் புதுதில்லியில் இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். உமா பரமேசுவரி 2015இல் மீண்டார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கூடங்களுக்குச் சுற்றுலா சென்ற தமிழ்க் குடும்பங்கள், குளிரூட்டிய அரங்கில் ஒளிவிளக்கின்கீழ் நின்ற தம் தெய்வங்களின்முன் ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கக் கூடும். அவர்களைக் குறைகூற இடமில்லை. அத்திருமேனிகளை ஊரில் ஒருமுறையேனும் கண்டு, கண்டதைப் பாடியோ எழுதியோ வைத்த தலைமுறை இல்லாமற் போனதே குறை. ஊர்ப் பிள்ளைகள் காணாத கோயிலைக் கள்வர் கண்டனர். மீட்டுத் தந்தது ஓர் ஆய்வு நிறுவனம் கடமையாகக் கருதிச் சேர்த்து வைத்த பதிவு.

செல்லாத பிள்ளைகள்

இவ்விரு மாவட்டங்களிலிருந்து அயல்நாடு செல்வோரில் பலர் சுற்றுலாப் பயணியர் அல்லர். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலை தேடிச் சென்ற தந்தையர் அவர்கள். குடும்பத்தை ஊரில் விட்டுச் சென்றவர்கள். விடுதிகளைக் கட்டுவோரும் அவற்றின் தரையைத் துடைப்போரும் அவர்களுள் உண்டு. தந்தை வாழும் நகரை அலைபேசித் திரையில் மட்டும் காணும் பிள்ளைக்கும் உலகம் வேண்டும். ஆற்றுப்படையின் பாணன் சுற்றத்தை உடன் அழைத்துச் சென்றான். இத்தந்தையர்க்கு அதுவும் வாய்க்கவில்லை. ஆகவே செல்லும் பிள்ளைக்கும் செல்லாத பிள்ளைக்கும் பொதுவாகக் கிடைக்கக்கூடிய செல்வம், ஊரைக் காணும் கண் ஒன்றே.

அதனைக் கொடுக்கும் பொறுப்பு கவிஞர்க்கு உண்டு. குழந்தைகளுக்கென ஒரு புதிய ஆற்றுப்படையை இம்மாவட்டங்களின் கவிஞர்கள் இயற்ற வேண்டும். சிங்கமுகக் கிணற்றின் படிகளில் தொடங்கி, சோழகங்கம் ஏரிக்கரை வழியே மாளிகைமேடு சென்று, கீழணைக் கற்களைத் தொட்டு, சாத்தனூர்க் கல்மரத்தில் இளைப்பாறி, இரஞ்சன்குடிக் கோட்டையில் ஏறி, சிறீபுரந்தானின் கதவருகே சற்று நின்று செல்லும் வழியாக அது அமையலாம். புகழ்மாலையாக இல்லாமல், ஒவ்வோரிடத்திலும் குழந்தைக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்வதாக இருத்தல் வேண்டும். வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்திற்கு வரும் பள்ளிப் பிள்ளை அதனைக் கையில் வைத்துப் படிக்க வேண்டும். உரோமுக்குச் செல்லும் பிள்ளையின் பெட்டியிலும் அது இடம்பெற வேண்டும்.

இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் இந்நூலும் ஒன்றாக அமைவதாகுக.