உண்பதே இவர்களுக்கு ஒருசந்தி

(வானொலி மறையுரை – தவக்காலம்)



சேந்தமங்கலத்தில் ஒரு வீட்டிற்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தோம். அந்தத் தாய் புற்றுநோய்க்காகச் சேலம் போய்வந்து மருந்து ஏற்றிக்கொள்கிறார். இரண்டே மாதத்தில் 56 கிலோவிலிருந்து 48 கிலோவாகிவிட்டார். "சாப்பிட முடியலையாம்மா?" என்றோம். "தவக்காலம் சாமி. ஒருசந்தி இருக்கிறேன். ஆண்டவர் இரங்கட்டும்" என்றார்.

அவருடைய விசுவாசத்தின் முன் தலைவணங்கினோம். ஆனால் ஒருசந்தியை விடச் சொன்னோம்.

திருச்சபை ஒருசந்தியை 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவர்களுக்கே கடமையாக்கியிருக்கிறது. அதிலும் நோயுற்றோரை அது கட்டுப்படுத்துவதில்லை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்கூட அவர்களுக்கு விலக்குதான்.

எலியா இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் படுத்துச் சாவைக் கேட்டார். வானதூதர் வந்து அவருக்குப் போதிக்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்பினார். உண்டு மறுபடி படுத்தவரை இரண்டாம் முறையும் எழுப்பி உண்ண வைத்தார், பயணம் நெடியது என்பதால். ஓரேபு மலை வரை அவர் நடந்த நாற்பது நாள் இரண்டு வேளை உணவில்தான் தொடங்கியது.

சிகிச்சையும் அப்படி ஒரு பயணம். மருந்தின் அளவைப் பெரும்பாலும் நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு தரும்போது முகத்துக்கென்றே ஒரு முகமூடி செய்கிறார்கள்; ஆள் மெலிந்தால் அது தளர்ந்துபோகும், மறுபடி அளவெடுக்க வேண்டிவரும். கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். உடல் தாங்காவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகும். வாரத்தில் ஒரு கிலோ குறைந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். "வியாதின்னா இளைக்கத்தானே செய்யும்" என்று இருந்துவிடாதீர்கள்.

நம் நாமக்கல் மாவட்டத்து முட்டை லாரி லாரியாக வெளியூர் போகிறது. இங்கே நோயாளிக்கு மட்டும் பத்தியம் என்று கஞ்சித்தண்ணீர்! ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், அரைவேக்காடு வேண்டாம். சாப்பிட்டால் கட்டி வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பட்டினி போட்டால், பட்டினி கிடப்பது கட்டியல்ல, அம்மாதான். தாளிப்பு வாசம் குமட்டினால் ஆறவைத்துக் கொடுங்கள். வாய்ப்புண் என்றால் புளியும் காரமும் விட்டு, ராகிக்கூழோ, பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்த சோறோ போதும். தட்டு நிறைய வைத்துப் பயமுறுத்தாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக.

சிலருக்கு எடை கூடுகிறது. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெறும் சகோதரிகள் பலருக்கு இப்படி. ஸ்டீராய்டு மருந்தால் முகமும் உப்பும். "நோயாளி மாதிரியே தெரியலையே" என்று கோயில் வாசலில் நாம் விளையாட்டாகச் சொல்வது அவர்களுக்கு எவ்வளவு வலிக்கும்! எடைக்குப் பயந்து அவர்களாக மாத்திரையை நிறுத்தவோ பட்டினி கிடக்கவோ கூடாது. திடீரென எடை கூடிக் கால் வீங்கினால் அது நீர்க்கோர்வையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமலிருக்கும் ஒழுங்கும் நோயாளிகளைக் கட்டுப்படுத்தாது, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கட்டுப்படுத்தாது. அந்தத் தாய் நாங்கள் வருகிறோம் என்று காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தார். இப்போது முதல் வெள்ளியன்று போனால், கூழ்க்கிண்ணம் காலியாகும் வரை நாங்கள் திண்ணையில் காத்திருக்கிறோம்.