சூரியன் எதனால் ஆனது?

 

லுஹர், அஸர், மஃரிப் எனத் தொழுகை நேரங்களைச் சூரியனைக் கொண்டே கணிக்கிறோம். ஆனால் அது எதனால் ஆனது என்று பிள்ளைகள் கேட்டால், 'நெருப்பு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது நெருப்பன்று, அங்கே எதுவும் எரிவதில்லை. அதன் மையத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் பிறப்பதே நமக்கு வந்து சேரும் வெளிச்சம். சூரியனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். இரும்பு, ஆக்சிஜன், கார்பன் முதலான மற்றவை அனைத்தும் சேர்ந்தும் நூற்றில் இரண்டு பங்கைத் தாண்டுவதில்லை.

இதைக் கண்டறிந்தவர் சிசிலியா பெய்ன் என்னும் இளம்பெண். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பயின்றவர். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. ஆய்வைத் தொடர 1923ல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்றார்.

சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி கொண்டு நுட்பமாகப் பிரித்தால், நிறங்களுக்கிடையே கருங்கோடுகள் தென்படும். ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. இரும்பின் கோடுகள் ஏராளமாக இருந்ததால், பூமியும் சூரியனும் ஒரே கலவை என்று அன்றைய அறிஞர்கள் நம்பினர். பள்ளிவாசலுக்குள் நானூறு பேர் மௌனமாக அமர்ந்திருக்க, வாசலில் நான்கு பேர் உரக்கப் பேசினால், தெருவில் செல்பவர் நான்கு பேர்தாம் இருப்பதாக எண்ணுவார் அல்லவா? சூரியனின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அப்படித்தான் மௌனமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கோடுகளை உண்டாக்கும் நிலையில் அதன் அணுக்களுள் மிகச் சொற்பமே உள்ளன. நம் நாட்டு விஞ்ஞானி மேகநாத் சாஹா 1920ல் வகுத்தளித்த சமன்பாட்டின் துணைகொண்டே பெய்ன் உண்மையான அளவைக் கணக்கிட்டார்.

1925ல் ஆய்வேடு தயாரானது. பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், இவ்வளவு ஹைட்ரஜன் இருப்பது இயலாத ஒன்று என்று எழுதினார். அத்துறையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஆகவே பெய்ன், தம் முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

சகோதரர்களே! கணக்கு சரியாகவே இருந்தது. சரி என்று சொல்லத்தான் அவருக்கு இடமில்லை. மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் நானும், ஒரு மாணவனின் ஆட்சேபத்தை 'உட்கார்' என்ற ஒரே சொல்லால் அடக்கியதுண்டு. அவன் சொன்னதே சரி என்பது அன்றிரவு கிதாபைப் புரட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. அதை அவனிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

ரஸ்ஸலுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. 1929ல் அவர் வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவை அடைந்தார்; அது பெய்னின் முடிவோடு ஒத்திருப்பதைத் தம் கட்டுரையில் குறிப்பிடவும் செய்தார். ஆயினும் அக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் ரஸ்ஸலின் பெயராலேயே பேசப்பட்டது. பெய்ன் ஹார்வர்டில் முழுப் பேராசிரியராக அமர்த்தப்பட்டது 1956ல்தான்.