தனித்து நின்ற தாயும் தலைமேல் நின்ற கடனும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் இல்வாழ்க்கை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எனக்குப் பணித்தார்கள். தமிழாசிரியனிடம் அத்தலைப்பை ஒப்புவித்தால் அவன் பழைய நூல்களைப் புரட்டி இரண்டு நாழிகை பேசி அமர்ந்துவிடுவான் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இல்வாழ்க்கையின் ஒரு பகுதியை மட்டுமே, அதிலும் நம் மேடைகளில் எவரும் வாய்திறந்து பேசாத பகுதியை, இன்று எடுத்துக்கொள்கிறேன். துணையை இழந்து தனியே மக்களை வளர்க்கும் ஒருவர், இறந்தவர் வைத்துப்போன கடனை எவ்வாறு தீர்ப்பது என்பதே அது.

கடன் என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள் தருவது. செய்தே தீரவேண்டிய கடமைக்கும் அதுவே பெயர். திருப்பித் தரவேண்டிய பொருளுக்கும் அதுவே பெயர். நீத்தார்கடன் என்கிறோம், கைமாற்றாக வாங்கியதையும் கடன் என்கிறோம். புறநானூற்றிலே பொன்முடியார் பாட்டொன்றில் தாய்க்கும் தந்தைக்கும் உரிய பணிகள் கடன் என்னும் சொல்லாலேயே வகுக்கப்பட்டுள்ளன. இரண்டிற்கும் ஒரே சொல் அமைந்தது தமிழின் சிறப்பு என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தவன் யான். ஆனால் இவ்விரு கடனும் ஒரே நாளில் ஒரே வாயிலில் வந்து நின்றால் எதனை முதலிற் செலுத்துவது? மகனைப் பள்ளிக்கு அனுப்புவதும் கடன். வட்டிக்காரருக்குத் திங்கள்தோறும் எண்ணிக் கொடுப்பதும் கடன். கையிலுள்ள பணமோ ஒன்றிற்கே போதும். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் தாயார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவு பெற்றே பேசுகிறேன்.

1991-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் என் தந்தையார் காலமானார். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரொன்றில் மளிகைக்கடை வைத்திருந்தார். அப்பொழுது அண்ணனுக்கு வயது பதின்மூன்று, எனக்கு ஒன்பது, தங்கைக்கு ஐந்து. தந்தையார் கொடுக்கவேண்டியது, எங்களுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவரிடம் புரோநோட்டின்மேல் வாங்கிய 40,000 ரூபாய். வட்டி மாதம் நூற்றுக்கு 2 ரூபாய். தாயாரின் நகையில் 8 பவுன் அடகுக்கடையில் இருந்தது. தந்தையாருக்கு வரவேண்டியதும் உண்டு. கடையின் பற்றுப்புத்தகத்தில் ஊரார் பெயரில் 23,000 ரூபாய் நின்றது. அப்பெயர்களிற் பெரும்பாலன நம்மவர் பெயர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு மனக்கசப்பு இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

பதினாறாம் நாள் கருமாதிப் பந்தல் பிரிக்கப்படுமுன்னே பெரியப்பா முறையினர் புதுப் புரோநோட்டு ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். பழைய நோட்டு இறந்தவர் பெயரில் உள்ளது, அது செல்லாமற் போய்விடும், குடும்பத்தின் மானம் கெடாதிருக்க வேண்டுமாயின் தாயார் தம் பெயரில் எழுதித்தர வேண்டும் என்றார். சுற்றியிருந்த பெரியவர்கள் நால்வரும் அதுவே முறை என்றனர். தாயார் ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் கையொப்பமிட்டார். கண்ணீரைத் துடைத்த கையின் ஈரம் மையிற் படிந்து எழுத்துக் கலங்கியதும், மறுபடி ஒருமுறை இடச் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அந்நால்வரில் ஒருவராவது, "பற்றுப்புத்தகத்தைக் கொண்டு வா, வரவேண்டியதை நாங்கள் வசூலித்துத் தருகிறோம்" என்று சொன்னாரில்லை. வாங்கவேண்டியவர் வந்தார்; கொடுக்கவேண்டியவர்கள் பந்தியில் உண்டு, கைகழுவி, துக்கம் விசாரித்துச் சென்றனர்.

அன்று சட்டம் என்ன சொல்லிற்று என்பதை யான் பின்னாளில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறிந்தேன். இறந்தவர் கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தே பொறுப்பு. வாரிசுக்கு அச்சொத்தில் எவ்வளவு வந்ததோ அவ்வளவிற்குமேல் அவரை வற்புறுத்த இயலாது. மனைவியின் சொந்த நகையும் சொந்த உழைப்பின் வருவாயும் கணவன் தனியே பட்ட கடனுக்குப் பிணையாகா. தந்தையின் கடனை மகன் தீர்ப்பது அறக்கடமை என்று கருதி நீதிமன்றங்கள் முன்பு குடும்பச் சொத்தின்மேல் கைவைக்க இடந்தந்தன. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஏற்பட்ட கடன்களுக்கு அதுவும் நீங்கிற்று. ஆயின் மனைவியும் கடன் வாங்கும்போதே உடன் கையொப்பமிட்டிருந்தாலோ, ஜாமீன் நின்றிருந்தாலோ, பின்னர்த் தம் பெயரில் புதுநோட்டு எழுதிக் கொடுத்தாலோ கடன் அவருடையதே ஆகிவிடும். எங்கள் கடையில் எஞ்சிய சரக்கு 6,000 ரூபாய்க்கு மேற் பெறாது. பதினாறாம் நாள் இட்ட அவ்வொரு கையொப்பம் அதனை 40,000 ஆக்கிற்று.

கடனைக் கொடாது ஏமாற்றும் வழியை ஆசிரியன் மேடையேறிக் கற்பிக்கிறான் என்று எவரும் கருதவேண்டா. என் தாயாரை இன்று கேட்டாலும், சட்டம் எதுவாயினும் அவர் வாங்கியதை யான் கொடுத்திருப்பேன் என்றே சொல்வார். அம்மனத்தை யான் வணங்குகிறேன். ஆனால் எவ்வளவு, எந்நாளில், எந்த வட்டியில் என்பதைப் பேசித் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாது பறித்ததே குற்றம்.

தாயார் கடையை வீட்டுத் திண்ணைக்கு மாற்றிக் கைக்காசு வியாபாரம் மட்டும் செய்தார். வட்டி மாதம் 800 ரூபாய். ஓராண்டிற்குள்ளாகவே அது முடியாமற் போயிற்று. 1992 ஆனியில் பள்ளி திறந்தபோது, எட்டாம் வகுப்புத் தேறியிருந்த அண்ணன் புத்தகம் வாங்கச் செல்லவில்லை. வெல்ல மண்டிக்கு மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்திற்குச் சென்றார். கணக்கில் என்னைவிடக் கூர்மையானவர் அவர். அவர் நின்றதனால் யான் படித்தேன். யான் படித்ததனால் இன்று இம்மேடையில் நிற்கிறேன். அவர் மூன்றாம் வரிசையில் தூணருகே அமர்ந்திருக்கிறார்.

மூன்றாண்டு இவ்வாறு சென்றது. 36 மாதம், மாதம் 800, ஆக 28,800 ரூபாய் வட்டியாகப் போயிற்று. முதலில் ஒரு காசும் குறையவில்லை. நகை அடகுக்கும் தனியே வட்டி. 1994-இல் எங்கள் தெருவிலிருந்த எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் தாயாரிடம் கேட்ட கேள்வி எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றிற்று. "ஏம்மா, எவன் பெட்டியிலேயோ கிடக்கிற நகைக்கு நீ எதுக்கு மாசாமாசம் வாடகை கட்டறே?" என்றார். தங்கையின் கலியாணத்திற்கென்று வைத்த நகை அது. தாயார் இரண்டு இரவு உறங்கவில்லை. மூன்றாம் நாள் நகையை மீட்டு விற்றார். அடகுத் தொகையும் வட்டியும் போக 20,000 ரூபாய் நின்றது. நோட்டைப் புதுப்பிக்கவேண்டிய தவணையில் அதனை முதலில் வரவு வைத்து, எஞ்சிய 20,000-க்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். மாத வட்டி 400 ஆயிற்று. பின்னர்ச் சித்திரையில் 2,000, ஐப்பசியில் 2,000 என்று முதலைக் குறைத்துக்கொண்டே வந்து, 1999 ஐப்பசியில் கணக்கைத் தீர்த்தார். இவ்வைந்தாண்டிற்கும் சென்ற வட்டி 13,200 ரூபாய்தான்.

இவ்விரு தொகைகளையும் ஒப்பு நோக்குங்கள். 40,000 ரூபாய்க் கடனுக்கு நாங்கள் கொடுத்த வட்டி மொத்தம் 42,000. நகையைத் தந்தையார் மறைந்த அன்றே விற்றிருந்தால் 28,800 மிஞ்சியிருக்கும். 800 ரூபாய்க்காக நின்ற அண்ணனின் படிப்பு 400 ரூபாய்க்காக நின்றிராது என்று யான் நம்புகிறேன். தங்கை 2008-இல் மூன்று பவுனுடன் மணம் முடித்துச் சென்றாள். நம் கூட்டத்திற் சிலர் அதனை எள்ளிப் பேசினர். அவள் நலமாகவே வாழ்கிறாள்.

இக்காலத்திற் கடனின் வேடம் மாறியிருக்கிறது. குழுக்கடன் என்று வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கிறது; கைபேசியிற் செயலியாக வருகிறது. வட்டியைக் கணக்கிட அறியாமையே இன்றும் குடும்பங்களைக் கெடுக்கிறது. தண்டற் கடனைப் பாருங்கள். 10,000 என்று எழுதி, 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வாங்குவர். ஆயிரம் ரூபாய்தானே என்று நம் பெண்கள் எண்ணுகின்றனர். நாள்தோறும் பணம் திரும்பிச் செல்வதால் சராசரியாக அவர்கள் கையில் இருப்பது 4,500 தான். அதற்கு 100 நாளில் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 80 ரூபாய் வட்டி! தண்டலும் மீட்டர் வட்டியும் கந்துவட்டியும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தமிழகத்தில் தடுக்கப்பட்டவை. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை தண்டமும் உண்டு. வீட்டு வாயிலில் நின்று மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் வேறொரு சட்டமும் இயற்றப்பட்டது.

மற்றொரு கணக்கு. ஒரு லட்ச ரூபாய், மூன்று வட்டி. மாதம் 3,000 கொடுப்பவர் ஆயுள் முழுதும் கொடுத்தாலும் கடன் அப்படியே நிற்கும். எவ்வாறேனும் இன்னுமொரு 2,000 சேர்த்து 5,000 ஆகக் கொடுத்தால் 31 மாதத்தில் தீர்ந்துவிடும். முதலைச் சிறிது சிறிதாக வாங்கமாட்டேன் என்று பிடிவாதம் செய்பவரும் உளர். அவர்க்குரிய 2,000-ஐ அஞ்சலகத்தில் தொடர் வைப்பாகப் போட்டு, ஒருசேரக் கொடுப்பதே வழி. எந்தத் தொகையைக் கொடுத்தாலும் நோட்டின் பின்புறம் வரவெழுதி வாங்காமல் திரும்பக்கூடாது. என் தாயார் ஒருமுறை அவ்வாறு திரும்பினார். அத்தொகை மறக்கப்பட்டது.

கணவரை இழந்தவர் முதலிற் செய்யவேண்டியது, பெட்டியிலுள்ள தாள்களையெல்லாம் எழுத்தறிந்த ஒருவரைக்கொண்டு படிப்பித்தல். வங்கிக் கடனாயின் அதற்குக் காப்பீடு உண்டா என்று கேட்கவேண்டும். பாஸ்புத்தகத்தில் ஆண்டுக்கொருமுறை 436 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2015-இல் தொடங்கிய ஜீவன் ஜோதிக் காப்பீட்டிற்கு 2022 முதல் அதுவே ஆண்டுக் கட்டணம். பிடிக்கப்பட்டிருந்தால் குடும்பத்திற்கு 2 லட்ச ரூபாய் உரியது. நம் தெருவிலேயே ஒரு பெண் ஓராண்டு கழித்தே இதனை அறிந்தார். அதற்குள் அவர் வாங்கிய கைமாற்றுகள் பல.

மனைவியை இழந்த ஆடவர்க்கும் இவையெல்லாம் பொருந்தும். ஆயினும் அவர்க்கு ஆண்டு திரும்புமுன் நாமே பெண் பார்த்துவிடுகிறோம். கடன்காரரும் அவரிடம் சற்றுப் பொறுத்தே பேசுகின்றனர். ஆதலின் அவரைப்பற்றி நீளப் பேசவில்லை.

பிள்ளைகளுக்குக் கடனை மறைக்கவேண்டா என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் தாயார் ஒவ்வொரு மாத முடிவிலும் எங்கள் மூவரையும் விளக்கருகே அமர்த்திக் கணக்கெழுதுவார். புதுச் சட்டை ஏன் இல்லை என்று நாங்கள் கேட்டதில்லை. எண் எங்கள் கண்முன் இருந்தது. அண்ணன் தாமாகவே மண்டிக்குச் சென்றதும் அக்கணக்கைப் பார்த்துத்தான். ஆகையால் அப்பழக்கத்தை முழுமனத்தோடு புகழவும் எனக்கு நா எழவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு எவ்வளவு சொல்லலாம் என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம்மவர் ஒருவர் காலமானால் பதினாறாம் நாள் விருந்தைச் சங்கத்தின் பெயரால் நிறுத்துங்கள். அன்று எவரும் அவ்வீட்டில் நோட்டு நீட்டக்கூடாது என்று தீர்மானம் செய்யுங்கள். கணக்கறிந்த இருவர், அவருள் ஒருவர் பெண்ணாதல் நன்று, அவ்வீட்டிற்குச் சென்று கொடுக்கவேண்டியதை ஒரு பக்கமும் வரவேண்டியதை மறுபக்கமும் எழுதட்டும். வரவேண்டியதை வசூலித்துக் கொடுப்பதைச் சங்கம் தன் பொறுப்பாக ஏற்கட்டும். கல்விநிதியிலிருந்து ஆண்டுதோறும் பரிசு வழங்குகிறோம். முதல் மதிப்பெண் பெற்றவர்க்கே அது செல்கிறது. பள்ளியைவிட்டு நிற்கும் நிலையிலுள்ள பிள்ளைக்கு அதிற் பாதியை ஒதுக்கினால், அந்நிதிக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை இன்றே தருகிறேன்.

தந்தையாரின் பற்றுப்புத்தகம் எங்கள் வீட்டுப் பரணில் இன்றும் உள்ளது. 23,000 ரூபாயில் எங்களுக்கு வந்தது 1,150. இன்று இவ்வவையில் யான் அதனைக் கொண்டுவரவில்லை. பெயர்களைப் படிக்கவும் மாட்டேன். அதனை அடுப்பிலிட்டுவிடு என்கிறார் தாயார். வேண்டா, இருக்கட்டும் என்கிறார் அண்ணன். யான் இன்னும் இருவரில் ஒருவர் சொல்லையும் கேட்கவில்லை.