வரமும் அவதாரமும்



அவதாரக் கதைகளைத் திரைப்படம் கெடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. கடவுளைப் பற்றி எடுத்த படத்தில் கடவுள் கடைசியில்தான் வருகிறார், அதுவரை ஆட்டம் முழுதும் அசுரனுடையது என்பது அதன் சாரம். 1967இல் ஏவி.எம். எடுத்த ‘பக்த பிரகலாதா’வை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அதில் நம் கண்ணை விட்டு அகலாதவர் இரணியகசிபுவாக வந்த எஸ்.வி. ரங்காராவ், நரசிம்மம் தோன்றுவது தூண் பிளந்த பிறகுதான். இது வணிகப் புத்தி என்று ஒதுக்குவோருக்கு என் மறுமொழி ஒன்றுதான்: புராணத்தின் கட்டுமானமே இப்படித்தான்.

நரசிம்ம வடிவத்தைக் கூர்ந்து பாருங்கள். முழு மனிதனுமில்லை, முழு விலங்குமில்லை. வேளை அந்தி, இடம் வாசற்படி, ஆயுதம் நகம். இவற்றுள் எதுவும் திருமால் தம் விருப்பப்படி தேர்ந்துகொண்டதன்று. இரணியன் கேட்டு வாங்கிய வரத்தில் எஞ்சிய இடுக்குகள் அவை. இராமன் மனிதனாகப் பிறந்ததும், இராவணன் மனிதரை ஒரு பொருட்டாக எண்ணாமல் வரத்தில் விட்டுவிட்டதால்தான். எதிரி முதலில் வந்து நிலைபெற வேண்டும். அப்போதுதான் அவதாரத்துக்கு உடம்பு அமையும். கம்பர் இதை அறிந்தவர். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்தில் சேர்த்து, அதை வீடணன் வாயால் இராவணனுக்கே சொல்ல வைத்தார். தந்தைக்கும் மகனுக்கும் நடக்கும் வழக்கை அங்கே அவர் நின்று நிதானமாக வளர்க்கிறார். ரங்காராவின் கர்ஜனைக்கு முன்னோடி அந்த இரணியன். (திருவரங்கத்தில் அந்தப் படலத்துக்கு எதிர்ப்பு எழுந்தபோது அங்குள்ள நரசிம்மராகிய மேட்டழகிய சிங்கரே தலையசைத்து ஏற்றார் என்பது ஐதிகம், நம் படத் தயாரிப்பாளர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

தெய்வத்தைத் திரையில் காட்டும் தந்திரம் அன்று கைவராததால் ஒளித்து வைத்தார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் பால்கே 1919லேயே ‘காளிய மர்தன்’ படத்தில் தம் மகள் மந்தாகினியைக் கண்ணனாக்கிப் பாம்போடு பொரவிட்டார். கணினி எதையும் வரைந்து தரும் 2024இல் வந்த ‘கல்கி 2898 ஏடி’யிலோ, கல்கி கருவில்தான் இருக்கிறார், மற்றவர்கள் அவருக்காக மோதிக்கொள்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. எதிரிக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் அனுதாபம் அவன் பக்கம் சாயாதா? சாயும். பாரதிதாசன் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தில் சாய்த்தே காட்டினார். 1948இல் அரசு அதைத் தடை செய்தது. அதே கதையைத்தான் மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, சிங்க முகத்துக்குப் பூசை செய்து ஆடுகிறார்கள். ஒரே இரணியன் தடைக்கும் பூசைக்கும் இடம் தருகிறான் என்றால், அவனைப் பெரிதாக்கியது திரைப்படம் அன்று.

என் வாதம் இடறுவது கண்ணனிடம். கம்சனுக்கு அசரீரியின் எச்சரிக்கை உண்டு. ஆனால் கண்ணனின் வடிவை எந்த வரமும் வகுக்கவில்லை. 1957இல் வந்த ‘மாயா பஜா’ரில் என்.டி. ராமாராவின் கண்ணன் யாரையும் வதைக்க வரவில்லை. ஒரு கல்யாணத்தைக் கலைத்து இன்னொன்றை முடித்து வைக்கிறார், அவ்வளவே. அட்டகாசத்தையெல்லாம் கடோத்கசனாக வந்த அதே ரங்காராவிடம் விட்டுவிடுகிறார். எதிரியின் வரத்தால் வார்க்கப்படாத அவதாரம் திரையில் எதன் பலத்தில் நிற்கிறது என்பதை, கண்ணன் படங்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்கவிருப்போர் என்னை மறுத்தேனும் சொல்ல வேண்டும் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.