கேஸ் தோம்பும் நம் பொறுப்பும்



அன்னதானம் என்றதும் அரிசியும் பருப்பும் காய்கறியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை வழங்கப் பலர் முன்வருகிறார்கள். ஆனால் அடுப்பை எரிய வைக்கும் கேஸ் தோம்பைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஆகவே, அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

தோம்பினுள் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் அது திரவமாக்கப்பட்டிருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாகிப் பரவும். காற்றைவிடக் கனமானது என்பதால் அது மேலே போகாமல் தரையோடு படிந்து, கால்வாயிலும் பள்ளத்திலும் தங்கும். இயல்பாக அதற்கு மணமில்லை. கசிவை நாம் அறிந்துகொள்ளவே துர்நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள்.

மலேசியாவில் இதற்குச் சட்டம் உண்டு. 1984ஆம் ஆண்டின் பெட்ரோலியப் பாதுகாப்பு நடவடிக்கைச் சட்டம், பெட்ரோலியப் பொருள்களைக் கொண்டு செல்வதையும் சேமித்து வைப்பதையும் பயன்படுத்துவதையும் நெறிப்படுத்துகிறது. விற்பனையை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு கண்காணிக்கிறது. மானிய விலைக் கேஸைச் சிறிய தோம்பிலிருந்து பெரிய தோம்புக்குத் திருட்டுத்தனமாக மாற்றுபவர்கள் மீது அமலாக்க அதிகாரிகள் நடவடிக்கை எடுத்து வருகிறார்கள். இது வெறும் பண மோசடி அன்று. அளவுக்கு மீறி நிரப்பிய தோம்பு சூடேறும்போது, உள்ளே திரவம் விரிவதற்கு இடமின்றி வெடிக்கவும் கூடும். ஆகவே முகவரி தெரியாத விற்பனையாளரிடம், விலை மலிவு என்பதற்காகத் தோம்பு வாங்காதீர்கள். முத்திரை உடைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் அன்பர்களே, அதிகாரிகளின் கண்காணிப்பு பெரும்பாலும் நம் வாசலோடு நின்றுவிடுகிறது. தோம்பைச் சோதிப்பது நிறுவனத்தின் கடமை. ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் நம் உடைமை. அவற்றை யார் வந்து பார்ப்பார்கள்? நாம்தான் பார்க்க வேண்டும்.

சிரிம் சான்று முத்திரை உள்ளதையே வாங்குங்கள். குழாய் வெடித்தாலும் விறைத்தாலும் உடனே மாற்றுங்கள். தோம்பைப் படுக்க வைக்காதீர்கள். கசிவைச் சோதிக்கச் சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது பேராபத்து. நாற்றம் வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல், தோம்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லாரையும் வெளியேற்றுங்கள். பிறகு வெளியில் நின்று 999 எண்ணுக்கு அழையுங்கள்.

திருவிழாக் காலங்களில் நம் ஆலயச் சமையற்கூடங்களில் பல தோம்புகள் ஒரே இடத்தில் இருக்கும். பக்கத்திலேயே குழந்தைகள் பந்தியில் அமர்ந்திருப்பார்கள். எனவே அடுத்த அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி தர எண்ணும் அன்பர்கள், அதனுடன் நல்ல ரெகுலேட்டர் ஒன்றும் புதுக் குழாய் ஒன்றும் சேர்த்துத் தாருங்கள். பசி தீர்ப்பது போலவே உயிர் காப்பதும் அறம்தான்.