பாயில் படுக்கும் வேளையிலே

 

பரிசளிப்பு விழா என்றால் படிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் தூக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். காலை முதல் பாடத்திலேயே மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கிறவன் நான்.

6 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டுமென்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் கூறியது. நம் கணக்கு என்ன? பால் நன்றாக வடிவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். அதனால் அந்தக் காலத்திலே பிரட்டுக்கு முன்பே லயத்தில் விளக்கு எரியும். கோலா குபு பாரு வட்டாரத்திலே பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஆனாலும் இருட்டோடு எழும் பழக்கம் பல வீடுகளில் போகவில்லை. அம்மா 5 மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் பிள்ளையும் விழித்துக்கொள்கிறது. அப்படியானால் இரவு 8 மணிக்கே அது படுக்க வேண்டும். பத்தரை வரை கைப்பேசி பார்த்தால் கணக்கு எங்கே சரியாகும்? கனவு மிகுதியாக வருவதும் தூக்கத்தின் பிற்பகுதியில்தான். உலுக்கி எழுப்பும்போது அறுந்துபோவது அந்தப் பகுதிதான்.

சரி, நேரத்தோடு படுத்தாகிவிட்டது. எந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு பிள்ளை கண்ணை மூடுகிறது? பிரான்சு நாட்டிலே எமில் கூவே (1857–1926) என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். 20 முடிச்சுப் போட்ட கயிற்றைக் கையில் பிடித்து, முடிச்சுக்கு ஒரு முறையாக, தான் நாளுக்கு நாள் தேறி வருவதாகச் சொல்லிக்கொண்டே தூங்கச் சொன்னார். தூங்கும் பிள்ளையின் அருகே நின்று பெற்றோர் நல்ல சொல்லை முணுமுணுக்கவும் சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் 2009-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோன் வுட்டும் அவரோடு ஆய்ந்தவர்களும் வேறொன்றைக் கண்டார்கள். தன்னையே தாழ்வாக நினைப்பவர், தான் அன்புக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் இன்னும் வாடுகிறதாம்.

வாடாதா பின்னே? உள்ளே ஒரு குரல் ‘பொய்’ என்கிறதே! பகலெல்லாம் ‘நீ உருப்படவே மாட்டே’ என்று கேட்ட பிள்ளை, இரவில் ‘நான்தான் முதல் மாணவன்’ என்று சொன்னால் அதுவே நம்புமா? ஆகவே சின்னச் சொல்லாக, நடந்ததைச் சொல்லுங்கள். ‘இன்னைக்குத் தங்கச்சியப் பார்த்துக்கிட்டியே, அம்மாவுக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்துச்சு!’ இதைப் பிள்ளையின் மனம் மறுக்காது. குடித்துவிட்டு வந்து கத்துகிற வீட்டில் எந்தச் சொல்லும் ஏறாது. அப்பாமார்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிள்ளையின் ஆசையையும் அந்நேரத்தில் கேளுங்கள். ‘லோரி ஓட்டப் போறேன்’ என்றால், ‘டாக்டர்னு சொல்லுடா’ என்று திருத்தாதீர்கள். எந்த லோரி, எந்த ஊருக்குப் போவாய் என்று கேளுங்கள். பேச்சோடு பேச்சாகத் தூங்கிப்போகும்.

மாணவச் செல்வங்களே! நாளைய கவலை தூங்கவிடாவிட்டால் எழுதி வையுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தார் 57 இளையோரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. படுக்குமுன் 5 நிமிடம், இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அவர்கள் உங்களைவிட மூத்தவர்கள்தாம்; ஆனாலும் செய்து பார்க்கக் காசு செலவில்லையே. இன்று பரிசாக வாங்கும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை இதற்கு ஒதுக்குங்கள். ‘சப்பாத்து துடைக்கணும். ஏழாம் வாய்ப்பாடு பார்க்கணும்.’ இவ்வளவு போதும். எழுதிவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள்.